‘முறையாகக் கற்கவில்லை’: இசை முதியோரின் நினைவுரைகளும் நம் வாசிப்பும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இசையோடு வாழ்ந்து முதுமை எய்தியோரிடம் அவர்தம் வாழ்வைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால், உரையாடலின் வாயிலிலேயே ஒரு தொடர் வந்து நிற்பதைக் காணலாம். ‘நான் முறையாகக் கற்கவில்லை’ என்பதே அது. பிரிக்பீல்ட்சில் நாற்பது ஆண்டுகள் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் இதனைச் சொல்கின்றார். கிள்ளானில் கோயில் பஜனைக் குழுவை வழிநடத்திய மூதாட்டியும் சொல்கின்றார். வானொலிக்குப் பாடியவர், தோட்டத்து நாடகங்களுக்கு மெட்டமைத்தவர், உறுமி அடித்தவர் என யாரும் இதற்கு விலக்கில்லை. தொடக்கத்தில் இதனை நம்மவர்க்கு இயல்பான அவையடக்கம் என்றே கொண்டேன். பல ஆண்டுகள் கேட்ட பின்னர், அவையடக்கம் என்னும் விளக்கம் போதாது எனத் தோன்றுகின்றது. தம் வாழ்வைச் சொல்வதற்கு இரவலாக வந்த ஒரு வடிவத்தில் தம்மைப் பொருத்திப் பார்த்து, பொருந்தாமையைத் தம் குறையாக ஏற்றுக்கொண்டவரின் கூற்று அது. அவ்வடிவம் எங்கிருந்து வந்தது, அது எதனைச் சொல்லவிடாமல் தடுக்கின்றது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

தமிழில் இசைக்கலைஞர் வரலாறு என்று எழுதப்படுவனவற்றுக்கு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்ட ஓர் அமைப்பு உண்டு. இன்ன ஊரில், இன்ன மரபில் தோன்றியமை, இளமையிலேயே வெளிப்பட்ட இசைநாட்டம், இன்னாரிடம் குருகுலவாசம், இன்ன சந்நிதியில் அரங்கேற்றம், பின்னர்ப் பட்டங்கள், பொன்னாடைகள், அரசர் அல்லது அமைச்சர் கையால் பெற்ற பரிசில்கள். தலபுராணத்திற்கு மூர்த்தி, தலம், தீர்த்தம் எப்படியோ அப்படியே இதற்குக் குரு, அரங்கேற்றம், விருது. சபைகளின் ஆண்டு மலர்களும் குடமுழுக்கு மலர்களும் இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ முதலாக நம் நாளேடுகளின் ஞாயிறு பக்கங்களில் வந்த கலைஞர் நேர்காணல்களும் பெரிதும் இதற்குள் அடங்குவனவே. இவ்வமைப்பில் இடம்பெறாதவை மூன்று. இசைக்கு ஈடாகக் கிடைத்த கூலி ஒன்று. இசையைத் தாங்கிய உடல் மற்றொன்று. இசை நிகழ்த்தப்பெற்ற நேரம் மூன்றாவது.

இம்மூன்றும் தமிழ் நினைவிலக்கியத்தில் என்றுமே இல்லாதிருந்தன எனக் கூறுவதற்கில்லை. நம் மாணவர்க்கு நாம் பாடமாக வைக்கின்ற நூல்களிலேயே அவை உள்ளன. நாம்தான் அவ்விடங்களை விரைந்து கடந்து செல்கின்றோம். உ.வே.சா. அவர்களின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்தது. எண்பத்தைந்தாம் வயதில் எழுதத் தொடங்கப்பெற்ற அந்நூலைப் பதிப்பு வரலாற்றுக்கான ஆவணமாகவே நாம் பயன்படுத்தி வருகின்றோம். ஆனால் அதன் முற்பகுதி ஓர் இசைக் குடும்பத்தின் வரலாறு. தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் இசை கற்றவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளை வைத்து ஊர் ஊராக இராமாயணப் பிரசங்கம் செய்தவர். ஓர் ஊரில் கதை முடிந்தால் அடுத்த ஊர். அங்கே நெல்லாகவும் பணமாகவும் கிடைப்பதைக் கொண்டு குடும்பம் நடக்கவேண்டும். மகனுக்குச் செய்யவேண்டிய சடங்குகளின் செலவும் அவ்வருவாயிலிருந்தே வரவேண்டும். ஆதரிப்போர் தளர்ந்தால் ஊர் மாறவேண்டும். குருபக்தியும் இறையருளும் அந்நூலில் குறைவின்றியே உள்ளன. ஆயினும் அவற்றின் பக்கத்திலேயே வரவு செலவுக் கணக்கும் இருக்கின்றது. இசை என்பது அங்கே ஒரு தொழில். நடந்து நடந்து செய்த தொழில்.

அந்நூலில் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. தமிழ்த்துறையினராகிய நாம் அதனை மீண்டும் மீண்டும் படிக்கவேண்டும் என்பேன். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த இளைஞர், தந்தையின் விருப்பப்படி கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்று வந்தார். இச்செய்தி பிள்ளையவர்களுக்குத் தெரியவந்தபோது, இசையில் மிகுதியாக ஈடுபட்டால் இலக்கியத்தில் கருத்துச் செல்லாது என்னும் பொருள்பட அவர் கூறினார். இளைஞர் இசைப்பயிற்சியை விட்டுவிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்தும் முதியவர் அதனை மறவாமல் பதிவு செய்கின்றார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’க்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் பலமுறை வந்ததும், இலக்கணப் பிழைகளை எண்ணிப் பிள்ளையவர்கள் காலம் தாழ்த்தியதும், பாரதியார் பாடக் கேட்ட பின்னரே மனம் நெகிழ்ந்து பாயிரம் அளித்ததும் உ.வே.சா. அவர்களின் எழுத்தின் வழியாகவே நமக்குத் தெரியவருகின்றன. ஏட்டில் பிழையாகத் தெரிந்தது காதில் பிழையாகத் தெரியவில்லை. நவீனத் தமிழ்க் கல்வியின் தொடக்கத்திலேயே இசை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கிய காலத்திலிருந்து கவிதை, சிறுகதை, நாவல் எனப் பலவற்றையும் நாம் ஆராய்ந்திருக்கின்றோம். இசைக்கலைஞர் ஒருவரின் நினைவுரையை இலக்கியப் பனுவலாகக் கொண்டு வாசிப்பதில் மட்டும் நமக்குத் தயக்கம் நீங்கவில்லை. மகாவித்துவானின் ஆணையை நாம் இன்னும் மீறவில்லை போலும்.

உடலைப் பற்றிப் பேசும் நினைவுரைக்கு அவ்வை தி.க. சண்முகத்தின் (1912–1973) ‘எனது நாடக வாழ்க்கை’ தக்க சான்று. 1918இல், ஆறு வயதில், தந்தையோடும் தமையன்மாரோடும் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தவர் அவர். பாட்டே நாடகமாகவும் நாடகமே பாட்டாகவும் இருந்த காலம் அது. தமக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர் நினைவுகூர்வதைப் பலரும் எடுத்தாள்கின்றனர். அது அருள் நிறைந்த செய்தி, மலர்களுக்கு உகந்தது. ஆனால் அத்தகைய நாவன்மை வாய்ந்த சுவாமிகள் முடக்குவாதத்தால் பேச்சிழந்து 1922இல் புதுவையில் மறைந்ததும் அதே வரலாற்றின் பகுதிதான். பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களின் பின்னணியை அறிந்தவர்க்கு மற்றொரு சொல்லும் தெரிந்திருக்கும்: மகரக்கட்டு. பருவ வயதில் குரல் உடைவதை நாடகத்தார் அச்சொல்லால் குறித்தனர். நேற்றுவரை ராஜபார்ட்டாக மேடையேறிய சிறுவன் இன்று பாடமுடியாதவன் ஆகின்றான். குரல் மீளுமா மீளாதா என்பது எவருக்கும் தெரியாது. சோறும் உறைவிடமும் குரலை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு அது எத்தகைய அச்சம் என்பதைக் குரு, அரங்கேற்றம், விருது என்னும் வாய்பாட்டுக்குள் எவ்வாறு சொல்லமுடியும்? நாடகக் கலைஞரின் நினைவுரை இசைவாணரின் நினைவுரையைவிட உண்மைக்கு நெருங்கியிருப்பதற்குக் காரணம், நாடகக்காரர்க்குப் புனிதத்தைக் காக்கவேண்டிய கடப்பாடு குறைவு என்பதே எனக் கருதுகின்றேன்.

இனி, ‘முறை’ என்னும் சொல்லையே சற்று உசாவ வேண்டும். பாபநாசம் சிவன் (1890–1973) தமிழ்க் கீர்த்தனைகளின் பேராசான் எனப் போற்றப்படுபவர். அவருடைய இசைக்கல்வியின் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில் நீலகண்ட சிவனின் பஜனைக் கூட்டங்களில் உடன் பாடியதால் அமைந்தது. பின்னாளில் மயிலாப்பூரின் மாடவீதிகளில் மார்கழி விடியலில் அவர் நடத்திய பஜனையும் அதன் தொடர்ச்சியே. நாகூர் ஈ.எம். அனிபா (1925–2015) முறையான இசைப்பயிற்சி பெற்றவர் அல்லர்; எனினும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவர் குரலைக் கேட்டறியாத தமிழ்க் குடும்பம் அரிது. பஜனையில் கூடிப் பாடுதல், ஊர்வலத்தில் பாடுதல், மற்றவர் பாடக் கேட்டுத் தாமும் பாடுதல் ஆகிய இவையும் ஒரு முறைதான். தமிழகத்தில் பேரிசைவாணரையே உருவாக்கிய முறை. நம் முதியவர் ‘முறையாகக் கற்கவில்லை’ எனும்போது, தாம் கற்ற முறையை முறை என்று எண்ணத் தமக்கு உரிமையில்லை என்றே கூறுகின்றார். 1940களில் எழுந்த தமிழிசை இயக்கம் எம்மொழியில் பாடுவது என்று வாதிட்டது. யார் பாடுவது, எப்போது பாடுவது என்னும் வினாக்கள் அவ்வாதத்தில் பெரிதாக எழவில்லை. அவ்வினாக்கள் கடல் கடந்து வந்தோர்க்கே மிகுதியும் உரியன.

ஏனெனில் தமிழகத்து இசைவாணர் வரலாறு பெரும்பாலும் இசையே தொழிலாகக் கொண்டவரின் வரலாறு. கிள்ளான் பள்ளத்தாக்கில், கோயில் நாதசுரம், தவில் கலைஞர் போன்ற சிலர் நீங்கலாக, இசை என்பது வேலை முடிந்த பின்னர்த் தொடங்குவது. இவ்வேறுபாடு சிறிதன்று. பிரிக்பீல்ட்சு இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்த பகுதி. 1915இல் கட்டப்பெற்று ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்று அழைக்கப்பட்ட தொடர்வீடுகள் 2014இல் இடிக்கப்படும்வரை அங்கு நின்றன. அவ்வட்டாரத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் தம் சாதகத்தைப் பற்றிச் சொன்னது நினைவுகூரத்தக்கது. இரவு வேலை முடித்து வந்தவர் பக்கத்து வீட்டில் பகலில் உறங்குவார். பகல் வேலைக்காரர் எதிர்வீட்டில் இரவில் உறங்குவார். ஆகவே ஆர்மோனியத்தின் துருத்தியை மிக மெல்ல இயக்கி, அரைக் காற்றில் வாசித்தே பழகினாராம். பின்னாளில் மேடையில் அவர் வாசிப்பைப் பலரும் ‘அடக்கமான வாசிப்பு’ என்று பாராட்டியிருக்கின்றனர். அப்பாணியின் பிறப்பிடம் குருவின் இல்லம் அன்று. மெல்லிய சுவரும் வேலைநேரப் பட்டியலுமே. இதனை அவர் வேடிக்கைச் செய்தியாகத்தான் சொன்னார். என் பார்வையில் அது ஒரு பாணியின் வரலாறு.

அவ்வட்டாரத்தில் நிறுவனம் சார்ந்த இசைக்கும் குறைவில்லை. யாழ்ப்பாணத்தார் வளர்த்த கந்தசுவாமி கோயில், 1904இல் அமைந்த விவேகானந்த ஆசிரமம், சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981இல் தோன்றிய நுண்கலைக் கோயில் ஆகியன இசைக்கும் நடனத்திற்கும் அளித்துவரும் இடம் பெரிது. அவற்றின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டும் இருக்கின்றது. நிறுவனத்திற்கு மலர் உண்டு, ஆண்டுவிழா உண்டு. நான் கவலைகொள்வது அவ்வாயில்களுக்கு வெளியே பாடியவரைப் பற்றியே.

கிள்ளானிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் நேரத்தின் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. விடியுமுன் பெரட்டு, அதன்பின் பால்மரம் வெட்டுதல், பால் எடுத்து முடிந்து வீடு திரும்பிய பின்னரே மற்றவை. நாடக ஒத்திகையும் பஜனையும் மறுநாள் பெரட்டுக்கு எழவேண்டும் என்னும் எல்லைக்குள் நடந்தன. கூத்து மட்டும் விதிவிலக்கு. அதற்கு விடுமுறை நாள் வேண்டும், விடியும்வரை நேரம் வேண்டும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அம்மேடைகளும் கோயில் முன்றில்களும் மறைந்தன. அங்குப் பாடியவர் தம் குழுவை இழந்தனர், பாட்டை இழக்கவில்லை. கேட்பவர் இல்லாத பாட்டை ஒருவர் முப்பது ஆண்டுகள் எவ்வாறு மறவாமல் வைத்திருக்கின்றார் என்பதை நம் ஆய்வுகள் இதுவரை வினவியதாகத் தெரியவில்லை.

பெண்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அவர்கள் ‘முறையாகக் கற்கவில்லை’ என்றுகூடச் சொல்வதில்லை. தாம் பாடியது இசை என்றே அவர்கள் கருதுவதில்லை. தாலாட்டு, நலுங்கு, கும்மி, ஒப்பாரி ஆகியன அவர்களுக்கு வீட்டுக் கடமைகள். இவ்விடத்தில் மலேசிய எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமியின் நூற்பெயர் ஒன்று பெரிதும் பொருள் பொதிந்தது. ‘நாடு விட்டு நாடு’ என்று தன்வரலாறு எழுதிய அவர், பாடல்கள் பற்றிய தம் நூலுக்கு ‘நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்’ எனப் பெயரிட்டார். நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு என்றால் வகைப்படுத்தி, எண்ணிட்டு, பாடியவரை ‘தகவலாளர்’ ஆக்குவது நம் கல்வித்துறை வழக்கம். அப்பெயரில் உள்ள ‘என்’ அவ்வழக்கத்தை மறுக்கின்றது. பாட்டும் அதனைத் தாங்கியவரின் வாழ்வும் அங்கே பிரிக்கப்படாமல் நிற்கின்றன. இசைக்கலைஞர் தன்வரலாறு என்னும் வகைக்குள் இந்நூலை வைத்துப் படிக்க நமக்கு இதுகாறும் தோன்றாதது ஏன் என்பதே என் வினா.

இங்கு ஒரு மறுப்பை எதிர்பார்க்கின்றேன். இவ்வாறு கூறுவதனால் தரம் என்னும் அளவுகோல் கைவிடப்படுகின்றதே என இசை அறிந்த நண்பர் சிலர் முன்னரே என்னிடம் கூறியுள்ளனர். சுருதி சேராத பாட்டு யார் பாடினாலும் சுருதி சேராததே. அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் பாட்டை மதிப்பிடுவது வேறு. பாடியவரின் நினைவுரையை மதிப்பிடுவது வேறு. சிறந்த வித்துவானின் நினைவுரை வெறும் பட்டியலாகக் கிடப்பதும் உண்டு. எளிய பஜனைப் பாடகரின் நினைவுரை ஒரு காலத்தையே திறந்து காட்டுவதும் உண்டு. இரண்டாவதனை முதலாவதனைப்போல் ஆக்கிவிடுவதே நம் மலர்கள் செய்துவரும் பிழை.

அப்பிழையில் எனக்கும் பங்கு உண்டு. இளங்கலை மாணவர்கள் முதியோரைக் கண்டு நேர்காணும் பயிற்சிக்காக நான் முதலில் வகுத்த வினாநிரலில் இருந்த வினாக்கள் இவை: தங்கள் குரு யார்? அரங்கேற்றம் எப்போது? பெற்ற விருதுகள் யாவை? முதல் வினாவிலேயே ‘முறையாகக் கற்கவில்லை’ என்னும் விடையை வருவித்தவன் நானே என்பதை உணரச் சில ஆண்டுகள் ஆயின. பின்னர் முதல் வினாவை மாற்றினேன்: ‘வேலை முடிந்து எத்தனை மணிக்குப் பாட உட்காருவீர்கள்?’ ஒரு சொல்லில் விடையளித்து வந்தவர்கள் அரைமணி நேரம் பேசினர். யார் விளக்கு ஏற்றியது, யார் தேநீர் கொண்டுவந்தது, ஆர்மோனியத்தின் தவணையை யார் யார் பங்கிட்டுக் கட்டியது என்பனவெல்லாம் வந்தன.

வாய்மொழி வரலாற்றறிஞர் அலெசாந்த்ரோ போர்ட்டெல்லி இத்தாலியின் தெர்னி நகரத் தொழிலாளரிடம் கேட்டறிந்த செய்தி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. லூயிஜி திராஸ்துல்லி என்னும் எஃகாலைத் தொழிலாளி 1949இல் கொல்லப்பட்டார். ஆனால் பலர் அதனை 1953ஆம் ஆண்டு ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருந்தனர். அத்தவறு அவர்கள் எதனைப் பெரிதென எண்ணினர் என்பதைக் காட்டியது. நம் முதியோரும் ஆண்டுகளை மாற்றிச் சொல்வர். வானொலியில் முதலில் பாடிய ஆண்டைத் திருமணத்தோடோ, தோட்டம் விற்கப்பட்டதோடோ சேர்த்துவிடுவர். மாணவர் அதனைத் திருத்திவிட்டு நகர்கின்றனர். திருத்தலாம், ஆனால் திருத்தியதை மட்டும் எழுதிவைத்தல் ஆகாது.

முற்றிலும் எதிரான எடுத்துக்காட்டு அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன். 1938இல் வாசிங்டனில் காங்கிரசு நூலகத்தில் ஆலன் லோமாக்சு அவரைப் பியானோவின் முன் அமர்த்திப் பேசவிட்டார். ஜாஸைக் கண்டுபிடித்தவன் நானே என்று முழங்கிய மனிதர் அவர். ‘முறையாகக் கற்கவில்லை’ என்பதற்கு நேர்மாறு. அம்முழக்கத்தைவிட முதன்மையானது அவர் கையருகில் கருவி இருந்தமை. பேச்சு நின்ற இடத்தில் விரல்கள் தொடர்ந்தன; விரல்கள் நினைவூட்டியதைப் பேச்சு எடுத்துக்கொண்டது. 1950இல் நூலாக வந்தபோது வாசகர்க்குக் கிடைத்தது பேச்சு மட்டுமே. ஒலிப்பதிவைக் கேட்பவர்க்கே இரண்டும் கிடைக்கின்றன.

இது நம் மாணவரின் எழுத்துப்பெயர்ப்புகளை எனக்கு நினைவூட்டியது. அவற்றில் பல இடங்களில் பிறை அடைப்புக்குள் ஒரு சொல் இருக்கும்: (பாடுகிறார்). அதன்பின் அடுத்த வினா. ஒருமுறை அத்தகைய ஓர் அடைப்புக்குள் இருந்ததை ஒலிநாடாவில் நானே கேட்டேன். தோட்டத்து நாடகங்களில் பாடிய முதியவர் அவர். எழுத்தில் ஒரு சொல்லாக இருந்த பகுதி நாடாவில் நான்கு நிமிடங்கள் நீண்டது. பல்லவியைத் தொடங்குகின்றார், மேலே செல்ல இயலாமல் நிறுத்துகின்றார், இருமுகின்றார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக ஐந்து கட்டையில் பாடியதாகவும், இப்போது இரண்டுக்கு இறங்கிவிட்டதாகவும் சொல்கின்றார். மாணவி அடுத்த வினாவுக்குப் போக முயல்கின்றார். ‘இரு தாயி, இரண்டிலே பாடினா எப்படி இருக்குன்னு நானே இன்னும் கேட்டதில்லே’ என்று அவரைத் தடுத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி பாடத் தொடங்குகின்றார்.